வாலைத் தேய்க்கும் குதிரைக்கு மருந்துக்கு முன் சோதனை

கொட்டிலில் கட்டிய குதிரை ஓயாமல் தூணிலும் சுவரிலும் பின்புறத்தைத் தேய்க்கிறது. வாலின் அடிப்பகுதியில் மயிர் ஒடிந்து, துடைப்பக்கட்டை போல் நிற்கிறது. சில நாட்களில் தோல் சிவந்து புண்ணாகிறது. இதைக் கண்டதும் "குடலில் பூச்சி" என்று தாமே முடிவு செய்து, மருந்துக் கடையில் கிடைக்கும் பூச்சி மருந்தை வாங்கிப் புகட்டி விடுவோர் பலர். சிலர் மாட்டுக்குப் போடும் ஊசியையே குதிரைக்கும் போடச் சொல்லுகின்றனர். அரிப்பு நின்றால் மருந்துக்குப் பெருமை. நிற்காவிட்டால் அடுத்த மாதம் இன்னொரு மருந்து. இந்தப் பழக்கம் குதிரைக்கும் நல்லதல்ல, வைத்திருப்பவர் கைப்பணத்துக்கும் நல்லதல்ல. முதலில் சோதனை, பிறகு மருந்து என்ற ஒழுங்கு கொட்டிலுக்குள் வந்தாக வேண்டும்.

குதிரை இன்று எல்லார் வீட்டிலும் உள்ள கால்நடை அல்ல. 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஆறே கால் லட்சம் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும், 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. எண்ணிக்கை குறையக் குறைய, குதிரையின் நோயறிந்த பெரியவர்களும் குறைகின்றனர். ஆயினும் ஆடு மாடுகளோடு ஒரு குதிரையையும் கட்டி, வண்டிக்கும், கடற்கரைச் சவாரிக்கும், திருமண ஊர்வலத்துக்கும், கோயில் விழாவுக்கும் அனுப்பிப் பிழைக்கும் குடும்பங்கள் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் உள்ளன. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை வாங்கவும் விற்கவும் கூடும் கூட்டமே இதற்குச் சான்று. இத்தகைய குடும்பத்துக்கு முகூர்த்த மாதத்தில் குதிரை வாலில் புண்ணோடு நின்றால், அந்த மாதத்து வருமானமே நின்றுவிடும்.

ஊசிப்புழு என்பது என்ன?

குதிரையின் பெருங்குடலிலும் மலக்குடலிலும் வாழும் இப்புழுவை ஊசிப்புழு என்பர். இதன் அறிவியல் பெயர் ஆக்ஸியூரிஸ் ஈக்வி. ஆண்புழு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். பெண்புழு வெண்மையாக, நீண்டு கூர்மையான வாலோடு, பத்து சென்டிமீட்டருக்கு மேலும் வளரும்.

மற்றக் குடற்பூச்சிகள் முட்டையை லத்தியோடு வெளியே தள்ளும். ஊசிப்புழுவின் வழக்கம் வேறு. முதிர்ந்த பெண்புழு மலவாய் வரை ஊர்ந்து வந்து, அதைச் சுற்றியுள்ள தோலில் பசை போன்ற திரவத்தோடு முட்டைகளை ஒட்டிவிடுகிறது. ஒரு புழு 8,000 முதல் 60,000 முட்டைகள் வரை இடும். இந்தப் பசை காயும்போதுதான் தாங்க முடியாத அரிப்பு உண்டாகிறது. வாலைத் தூக்கிப் பார்த்தால் மஞ்சளும் சாம்பலும் கலந்த பக்குகள் தெரியும்.

நான்கைந்து நாட்களில் இந்த முட்டைகள் தொற்றும் தகுதியைப் பெறுகின்றன. காய்ந்த பக்கு உதிர்ந்து தரையிலும், வைக்கோலிலும், தீவனத் தொட்டியிலும், தண்ணீர் வாளியிலும் விழுகிறது. குதிரை உரசிய தூணிலும், தேய்த்துவிடும் பிரஷ்ஷிலும் ஒட்டிக்கொள்கிறது. தீவனத்தோடு முட்டை வயிற்றுக்குள் போனால், அது குடலில் வளர்ந்து மீண்டும் முட்டையிடும் பெண்புழுவாக ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆகும். இந்த ஐந்து மாதக் கணக்கை மனத்தில் வைத்தால்தான் சிகிச்சையின் போக்கு விளங்கும்.

பிள்ளைகளுக்கு வரும் கீரிப்பூச்சியும் இரவில் மலவாய்க்கு வந்து முட்டையிட்டு அரிப்பை உண்டாக்குவதே. ஆனால் அது வேறு இனம். குதிரையின் ஊசிப்புழு மனிதரைத் தொற்றாது. மனிதரின் கீரிப்பூச்சி குதிரையைத் தொற்றாது. வீட்டுப் பிள்ளைக்கு அரிப்பு வந்தால் குதிரையின் மேல் பழி போட வேண்டியதில்லை.

வால் தேய்ப்பதெல்லாம் புழுவா?

இங்கேதான் தவறு நேர்கிறது. வாலைத் தேய்ப்பது ஓர் அறிகுறியே தவிர நோயின் பெயர் அல்ல. ஒரே அறிகுறி நான்கைந்து காரணங்களால் வரலாம்.

தேங்காய்த்திட்டை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரி நகரை ஒட்டி, அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகப் பகுதி அது. மீன்பிடித் துறைமுகம் ஒருபுறம், சேறும் அலையாத்தி மரங்களும் மறுபுறம். இத்தகைய ஈரச் சேற்றில் கொசுவைவிடச் சிறிய, கடிக்கும் பூச்சிகள் இனம் பெருக்கும். கால்நடை மருத்துவர்கள் இவற்றைக் கியூலிகாய்டஸ் என்பர். செம்மறி ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இந்தப் பூச்சி வகையே. சில குதிரைகளுக்கு இதன் கடி ஒத்துக்கொள்ளாது. கடித்த இடம் தடித்து, அரிப்பெடுத்து, வாலடியைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். பார்ப்பவருக்கு இது ஊசிப்புழுவைப் போலவே தோன்றும். இக்குதிரைக்குப் பூச்சி மருந்து கொடுப்பது, காலில் முள் தைத்தவனுக்குக் கண்ணில் மருந்து விடுவதற்கு ஒப்பாகும்.

இவ்விரண்டையும் பிரித்தறியச் சில குறிப்புகள் உள்ளன. பூச்சிக்கடி ஒவ்வாமையில் வாலடி மட்டுமன்றிப் பிடரி மயிரும் உதிரும். கழுத்து, முதுகு, வயிற்றின் நடுக்கோடு ஆகிய இடங்களிலும் தடிப்பு இருக்கும். அந்தி, விடியல் நேரங்களில் தொல்லை மிகும். மழைக்காலத்தை ஒட்டி ஏறி, வறண்ட காலத்தில் இறங்கும். ஊசிப்புழுவின் அரிப்போ மலவாயையும் வாலடியையும் சுற்றியே இருக்கும். எந்தப் பருவத்திலும் வரும். கொட்டிலிலேயே கட்டிக் கிடக்கும் குதிரைக்கு அதிகம் வரும்.

இவை தவிர, பேன், சொறி, உண்ணி ஆகியவையும் அரிப்பைத் தரும். பெட்டைக்குதிரையின் மடிக்காம்புகளுக்கு இடையிலும், ஆண்குதிரையின் குறியுறையிலும் அழுக்குச் சேர்ந்தாலும் குதிரை பின்புறத்தைத் தேய்க்கும். இதற்கு வெதுவெதுப்பான நீரும் மெல்லிய துணியுமே மருந்து.

பசைநாடாச் சோதனை

ஊசிப்புழு முட்டை லத்தியில் அரிதாகவே காணப்படும். ஆகவே லத்தியை மட்டும் சோதித்து "புழு இல்லை" என்று வந்தால், அதை நம்பி விட்டுவிடக் கூடாது. இதற்கென எளிய சோதனை ஒன்று உண்டு. கடையில் விற்கும், ஒளி ஊடுருவும் செல்லோடேப்பே இதற்குப் போதும்.

சோதனைக்கு முந்தைய நாள் குதிரையின் பின்புறத்தைக் கழுவாமல் விட வேண்டும். காலையில் ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் குதிரையின் பக்கவாட்டில் நெருங்கி நின்று வாலை ஒதுக்க வேண்டும். நேர் பின்னால் நிற்கக் கூடாது. எவ்வளவு சாதுவான குதிரையும் கூச்சத்தில் உதைக்கும். இரண்டு அங்குல நீளமுள்ள நாடாவின் பசைப்பக்கத்தை மலவாயின் இருபுறமும், கீழ்ப்புறமும் அழுத்தி எடுக்க வேண்டும். எடுத்ததைச் சுத்தமான கண்ணாடிச் சில்லின்மேல் பசைப்பக்கம் கீழாக ஒட்டி, குதிரையின் அடையாளமும் தேதியும் எழுதிக் கால்நடை மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும்.

நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரு பக்கம் தட்டையாகவும் ஒரு முனையில் மூடி போட்டது போலவும் உள்ள முட்டைகள் தெரியும். தெரிந்தால் ஊசிப்புழு உறுதி. ஒருநாள் சோதனையில் தெரியாவிட்டால் அடுத்தடுத்து இரண்டு நாட்கள் திரும்பச் செய்து பார்ப்பது நலம். புழு நாள்தோறும் வந்து முட்டையிடுவதில்லை. மலவாயில் வெண்ணிறப் புழு தொங்கினாலோ, புது லத்தியின்மேல் நீண்ட வெண்புழு கிடந்தாலோ, அதை ஒரு சிறு புட்டியில் இட்டு மருத்துவரிடம் காட்டலாம்.

புதுச்சேரி வட்டாரத்தில் உள்ளவர்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகங்களும், குரும்பாபேட்டையிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிலையமும் இருக்கின்றன. நாடா ஒட்டிய கண்ணாடிச் சில்லை எடுத்துச் செல்லக் குதிரையை நடத்திக் கொண்டு போக வேண்டியதில்லை; சட்டைப் பையில் போகும் பொருள் அது.

மருந்தும் அளவும்

சோதனையில் உறுதியானபின் மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபென்பெண்டசோல், பைரன்டெல், ஐவர்மெக்டின் ஆகியவை ஊசிப்புழுவுக்குக் கொடுக்கப்படும் மருந்துகள். இவற்றில் ஐவர்மெக்டின் 1981 முதல் கால்நடைகளுக்கு விற்பனைக்கு வந்த பெருமருந்து. அதைக் கண்டறிய உழைத்த ஜப்பானியர் சதோஷி ஓமுராவும், அயர்லாந்தில் பிறந்த வில்லியம் கேம்ப்பெல்லும் 2015-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் அந்தப் பெருமருந்துக்கும் ஊசிப்புழு இப்போது சில இடங்களில் அடங்குவதில்லை. நியூசிலாந்து, ஜெர்மனி முதலிய நாடுகளில் ஐவர்மெக்டின் கொடுத்த பிறகும் குதிரைகளில் ஊசிப்புழு தொடர்ந்தது பதிவாகியுள்ளது. எனவே மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் நாடாச் சோதனை செய்து பார்ப்பது அவசியம். முட்டை இன்னும் தெரிந்தால், அளவைக் கூட்டாமல் மருந்தின் வகையை மாற்ற வேண்டும்.

அளவு குதிரையின் எடையைப் பொறுத்தது. எடைமேடை இல்லாத இடத்தில் ஓர் அளவுநாடா போதும். முன்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவைச் சென்டிமீட்டரில் எடுக்கவும். தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளத்தை எடுக்கவும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 140, நீளம் 130 உள்ள மட்டக்குதிரையின் எடை ஏறத்தாழ 215 கிலோ.

ஃபென்பெண்டசோலை ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் என்று மருத்துவர் எழுதினால், இந்தக் குதிரைக்கு 1,075 மில்லிகிராம் வேண்டும். மாட்டுக்கென விற்கும் 1.5 கிராம் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்தால் 750 மில்லிகிராம்தான் போகும். ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறைவு. குறைந்த மருந்தில் பலவீனமான புழுக்கள் சாகும். மருந்தைத் தாங்கும் புழுக்கள் பிழைத்துக் குட்டி போடும். இப்படித்தான் மருந்துக்கு அடங்காத இனம் உருவாகிறது. "குதிரை சிறிசுதானே, பாதி போதும்" என்னும் கண்ணளவு இதனால்தான் ஆபத்தானது.

மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடுவதை அறவே கைவிட வேண்டும். 1980-களில் குதிரைகளுக்கென்றே வந்த ஐவர்மெக்டின் ஊசி மருந்து, ஊசி போட்ட இடத்தில் வீக்கமும், சில குதிரைகளில் உயிரைப் பறிக்கும் கிருமித் தொற்றும் உண்டானதால் விலக்கிக்கொள்ளப்பட்டது. குதிரைக்கு வாய்வழி மருந்தே உரியது. சினைக் குதிரைக்கும், சிறு குட்டிக்கும், மெலிந்த குதிரைக்கும் மருத்துவரைக் கேளாமல் எதுவும் கொடுக்கலாகாது. மலவாயில் மண்ணெண்ணெய், பினாயில் தடவுவது தோலை வேகவைக்கும். குடலுக்குள் இருக்கும் புழுவுக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. புண்ணில் ஈ மொய்க்காதிருக்க வேப்பெண்ணெய் தடவலாம். ஆனால் அது புழுவுக்கு மருந்தாகாது. புண்ணில் புழு வைத்துவிட்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கொட்டிலே பாதி மருத்துவமனை

மருந்து இன்று குடலிலுள்ள புழுவைக் கொல்லும். தூணில் ஒட்டியுள்ள முட்டையை நாளை குதிரை தின்றால், ஐந்து மாதம் கழித்து அதே கதை தொடங்கும். ஆகவே துப்புரவு இல்லாத சிகிச்சை ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே.

மருந்து கொடுத்த நாள் முதல் சில வாரங்கள், தினமும் மலவாயையும் வாலின் அடிப்பகுதியையும் வெதுவெதுப்பான நீரும் சோப்பும் கொண்டு கழுவ வேண்டும். கழுவிய பழந்துணியை எரித்துவிட வேண்டும். அதே துணியால் அடுத்த குதிரையைத் துடைக்கக் கூடாது. குதிரைக்குக் குதிரை பிரஷ்ஷும், வாளியும் தனியாக இருத்தல் வேண்டும். கொள்ளையும் புல்லையும் தரையில் போடாமல் உயரமான தொட்டியில் இட வேண்டும். தொட்டி, தூண், கதவு, தடுப்புக்கட்டை ஆகியவற்றைக் கொதிநீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை பசையோடு ஒட்டியிருப்பதால் மருந்துநீர் தெளிப்பது மட்டும் போதாது, தேய்ப்பதே முக்கியம். ஈரமான, இருண்ட கொட்டிலில் முட்டை வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். வெயிலும் காற்றும் புகுந்து காய்ந்த கொட்டிலில் அது விரைவில் அழியும். கடற்காற்றும் ஈரப்பதமும் மிகுந்த தேங்காய்த்திட்டு போன்ற இடங்களில், கொட்டிலின் ஒரு பக்கத்தையேனும் வெயில் படத் திறந்து வைப்பது நல்லது. சேற்றுப் பூச்சியின் தொல்லைக்கும் கொட்டிலைச் சுற்றி நீர் தேங்காமல் செய்வதும், அந்தி நேரத்தில் மெல்லிய வலை கட்டுவதும் உதவும்.

சந்தையிலிருந்து புதுக்குதிரை வாங்கி வந்தால் அன்றே மற்றவற்றோடு கட்டாமல், நாடாச் சோதனையும் லத்திச் சோதனையும் முடியும் வரை தனியே கட்ட வேண்டும்.

நாள்காட்டி பார்த்து மருந்து வேண்டாம்

"சோதனைக்கு அலைவதைவிட, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மருந்தைக் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லையே" என்று கேட்போர் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு நாள் வேலை கெட்டால் ஒரு நாள் கூலி போகிறது. மருந்தோ பக்கத்துக் கடையில் கிடைக்கிறது. ஆயினும் இந்தக் கணக்கில் ஒரு பெரிய செலவு விடுபட்டுப் போகிறது.

ஊசிப்புழு தொல்லை தருமே தவிர, குதிரையைக் கொல்வது அரிது. ஆனால் குதிரையின் குடலில் அதைவிடக் கொடிய புழுக்கள் உள்ளன. இரத்தக் குழாய்களைக் கெடுத்துக் கடும் வயிற்றுவலியில் சாகடிக்கும் பெரிய ஸ்ட்ராங்கைல் புழுவும், குடற்சுவரில் புதைந்திருந்து ஒரே சமயத்தில் வெளிப்பட்டுக் கழிச்சலை உண்டாக்கும் சிறிய ஸ்ட்ராங்கைல் புழுக்களும், குட்டிகளின் குடலை அடைக்கும் உருண்டைப் புழுவும் அவ்வகை. வால் அரிப்புக்கென்று கொடுக்கும் ஒவ்வொரு தேவையற்ற மருந்தும் இந்தக் கொடிய புழுக்களுக்கு அந்த மருந்தைத் தாங்கும் பயிற்சியை அளிக்கிறது. உயிர்காக்க வேண்டிய நாளில் மருந்து பலிக்காமல் போகும். மருந்தின் பெயரையும் நாள்காட்டியையும் மட்டும் நம்பியிருப்பது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதாகும்.

இதை உணர்ந்தே டென்மார்க் நாட்டில் 1999 முதல், குடற்புழு மருந்தை மருத்துவர் சீட்டின்றி, வழக்கமாகக் கொடுப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. சோதித்து, தேவையுள்ள குதிரைக்கு மட்டும் கொடுக்கும் முறை அங்கு வேரூன்றியது. ஆடு வளர்ப்போருக்கு இப்பாடம் புதிதல்ல. வெள்ளாடு, செம்மறிகளின் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழு, அடிக்கடி கொடுத்த மருந்துகளுக்கு அடங்காமல் போனது தமிழ்நாட்டிலும் காணப்பட்டுள்ளது. ஆட்டுக்கு நேர்ந்தது குதிரைக்கும் நேராதிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஐவர்மெக்டின் லத்தியோடு வெளியேறி, சாணவண்டுகளுக்குத் தீங்கு செய்கிறது. சாணத்தை மண்ணுக்குள் இழுத்துச் சென்று நிலத்தை வளமாக்கும் வண்டு அது. மருந்து கொடுத்த சில நாட்களின் லத்தியை நேரே வயலில் போடாமல் குழியில் மக்கவிடுவது நல்லது.

செய்ய வேண்டியவர்கள்

இதில் குதிரைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊர்தோறும் உள்ள கால்நடை மருந்தகங்களில் பழுதில்லாத நுண்ணோக்கி ஒன்றும், கண்ணாடிச் சில்லுகளும், ஒரு சுருள் நாடாவும் இருந்தால்தான் "சோதனை செய்" என்னும் அறிவுரைக்குப் பொருள் உண்டு. கால்நடை முகாம்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருந்து புகட்டுவதோடு, குதிரை வைத்திருப்போருக்கு நாடாச் சோதனையையும் எடை அளக்கும் முறையையும் செய்து காட்ட வேண்டும். இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. மருந்து விற்கும் கடைக்காரரும், குதிரைக்கென்று கேட்டு வருபவரை மருத்துவர் சீட்டோடு வரச் சொல்லலாம்.

குதிரை வைத்திருப்போர் செய்ய வேண்டியது, வால் தேய்ப்பதைக் கண்ட அன்றே வாலைத் தூக்கிப் பார்ப்பது. மறுநாள் காலையில் நாடாவை ஒட்டி எடுப்பது. மருந்து கொடுத்தால் தேதியையும் மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு நோட்டில் குறிப்பது. இரண்டு வாரம் கழித்து மீண்டும் சோதிப்பது. குதிரையால் வாய்திறந்து நோயைச் சொல்ல முடியாது. அது தூணில் தேய்த்துக் காட்டுகிறது. அதன் காரணத்தைக் கண்டறிந்து மருந்து கொடுப்பதே, நாள்தோறும் உழைத்துக் குடும்பத்துக்குச் சோறு போடும் அந்த உயிருக்குச் செய்யும் கடமையாகும்.